அம்மா ஏறாத ஜீப்

புளிக்காய்ச்சல் கொதிக்கிற வாசனையோடு டீசல் புகை கலந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால், மே மாதத்து விடியற்காலை மாதிரி இருக்கும் என்பேன். எங்கள் அடுப்படி ஜன்னலுக்கு நேர் வெளியேதான் பெரியப்பா தன் ஜீப்பை நிறுத்துவார். உள்ளே அம்மா நல்லெண்ணெயில் கடுகும் வத்தலும் வேர்க்கடலையும் தாளித்துப் புளியைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருக்க, வெளியே அவர் வண்டியைக் கிளப்பி "சூடேற" விட்டுவிட்டு வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டு நிற்பார். புகை முழுக்க அடுப்படிக்குள் வரும். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் கிண்டுவாள். இன்றைக்கும் ஏதாவது பழைய டீசல் வண்டி எனக்கு முன்னால் புகைவிட்டுக்கொண்டு போனால் எனக்குக் கண் எரிவதற்கு முன்னால் கோபம் வந்துவிடுகிறது.

மதுரையில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் தொடர்ந்து இரண்டு நாள் விடுமுறை வந்தால் நேராக என் மேசைக்கு வருவார்கள். "ஒங்க தேனிப் பக்கம் என்னென்ன பாக்கலாம்?" என்று கேட்பார்கள். நான் ஒரே மூச்சில் சொல்லுவேன்: வைகை அணைப் பூங்காவைப் பார்த்துவிட்டு வாசலில் மீன் வறுவல் சாப்பிடுங்கள், அங்கிருந்து பெரியகுளம் தாண்டிக் கும்பக்கரை அருவி, மறுநாள் வீரபாண்டி கௌமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு உத்தமபாளையத்தில் சமணர் சிற்பம் செதுக்கிய பாறை, கம்பத்துத் திராட்சைத் தோட்டம், சுருளி அருவி, நேரமிருந்தால் சின்னமனூரிலிருந்து மேகமலை, சனிக்கிழமையாக இருந்தால் குச்சனூர் சனீஸ்வரன். எங்கே பாறை வழுக்கும், எங்கே குரங்கு பையைப் பிடுங்கும் என்பதுவரை சொல்வேன். "எத்தன தடவ போயிருக்கீங்க!" என்று வியப்பார்கள். பள்ளிக்கூடம் படித்து முடிக்கும்வரை அந்தப் பட்டியலில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நான் போயிருந்தேன் என்பதை அவர்களிடம் சொன்னதில்லை. மற்ற எல்லாம் காதால் கேட்டதும், கொடியில் காயப்போட்ட ஈரத்துணியில் பார்த்ததும்தான்.

எங்கள் ஊர் சின்னமனூருக்குப் பக்கத்தில், பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற நெல்வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரே வாசலுக்குள் இரண்டு வீடு. பெரியது பெரியப்பாவுடையது, பக்கத்தில் அதோடு ஒட்டினாற்போல் இருந்த சின்னது எங்களுடையது. என் அப்பா மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை இறங்கி வருவார். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பதைத் தவிர அவர் வேறு கருத்து எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. வீடு இரண்டானாலும் அடுப்பு ஒன்று. அந்த ஒன்றும் அம்மா பொறுப்பு.

பெரியப்பாவின் ஜீப் மற்ற மாதங்களில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும். பின்னால் எதிரெதிர்ப் பலகையில் பத்துப்பேர், தொங்கிக்கொண்டு நாலுபேர், முன்னால் அவரையும் சேர்த்து நாலுபேர் என்று பதினெட்டுப் பேரை அடைத்து அவர் குமுளி மலைப்பாதையில் ஏறுவதை ஊரே பெருமையாகச் சொல்லும். மே மாதம் மட்டும் அது உல்லாச வண்டி ஆகிவிடும். சென்னையில் கட்டிக்கொடுத்த பெரியப்பா மகள், அந்த அக்கா, தன் வீட்டுக்காரரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவாள். கூடவே பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒரு கும்பலும் வரும். அரை மாதம் இருப்பார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் பெரியப்பா அவர்களை எங்காவது "சுத்திக் காட்ட"க் கூட்டிக்கொண்டு போவார். போகிற அன்றைக்கெல்லாம் அம்மா மூன்று மணிக்கே எழுந்து கட்டுச்சோறு கட்டுவாள்.

நான் அந்த இடங்களைப் படித்த விதம் இதுதான். அவர்கள் வைகை அணைக்குப் போய்வந்த அன்று சட்டைகளில் மீன் வறுத்த மசாலா வாசனை அடித்தது. கும்பக்கரையிலிருந்து வந்த துண்டுகளில் பாசியின் பச்சைக் கறை இருந்தது. பாறையில் சறுக்கி விளையாடியதில் சென்னைப் பையனின் கால்சட்டை பின்பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. உத்தமபாளையத்துப் பாறையைப் பார்த்துவிட்டு வந்த அந்தப் பையன், "சாமி எல்லாம் சட்டை போடாம வரிசையா ஒக்காந்திருக்கு" என்று ஒரு மணி நேரம் சிரித்தான். கம்பத்திலிருந்து திராட்சைக் கறை. இத்தனையையும் கல்லில் அடித்துத் துவைத்தது அம்மா. பக்கத்தில் நின்று அலசினது நான். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

எனக்குப் பத்து வயதான அந்த மே மாதம் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது பெரியப்பாவுக்கு என்ன தோன்றியதோ, "ஏத்தா, புதன்கெழம சுருளிக்குப் போறோம். நீயும் பிள்ளையும் வாங்க. கெளம்பி இருங்க" என்றார். அன்றிலிருந்து அம்மாவின் நடையே மாறிவிட்டது. சுருளி எங்கள் ஊரிலிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை, பேருந்தும் உண்டு. ஆனால் வீட்டில் ஆம்பளை இல்லாமல் ஒருத்தி தானாகப் பேருந்து ஏறி அருவிக்குக் குளிக்கப் போவதா? அம்மா கல்யாணமாகி வந்து பதினோரு வருடமாகியும் போனதில்லை. மூலிகை வேரில் பட்டு வருகிற தண்ணீர், தலையில் பட்டால் தீராத தலைவலியும் தீரும் என்று அதைப் பற்றி எனக்கு அத்தனையும் சொன்னவள் அவள்தான்.

புதன்கிழமை அவள் இரண்டு மணிக்கே எழுந்துவிட்டாள். புளியோதரை, தயிர்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், தூக்குவாளியில் மோர். எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டுக் குளித்து, மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை, அவளிடம் இருந்த ஒரே நல்ல சேலை, அதைக் கட்டிக்கொண்டாள். தலையில் கதம்பம் வைத்தாள். எனக்கும் வைத்துவிட்டாள். மாற்றுத்துணியை மஞ்சள் பையில் மடித்து வைத்துக்கொண்டு சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் போனோம்.

எல்லோரும் ஏறிவிட்டார்கள். அம்மா சட்டியை உள்ளே கொடுத்தாள். அதை வாங்கி இரண்டு பேருக்கு நடுவில் பலகைமேல் வைத்தாள் பெரியம்மா. சரிந்துவிடாமல் இரண்டு பக்கமும் பையை அணைகொடுத்தாள். அம்மா ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தபோதுதான் சென்னை அக்கா தன் அப்பாவின் காதில் எதையோ சொன்னாள். பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.

"எடம் பத்தலத்தா. அவுக பட்டணத்துல இருந்து வந்தவுக, நெருக்கி ஒக்காரச் சொன்னா நல்லாருக்காது. அடுத்த வருசம் போவம். சுருளி என்ன ஓடியா போகுது?"

வண்டி போய்விட்டது. சோற்றுக்கு இடம் இருந்தது, ஆக்கினவளுக்கு இல்லை. அம்மா வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு உள்ளே போய் சேலையை அவிழ்த்து, மடிப்பு கலையாமல் பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டியில் வைத்தாள், பழைய சேலையைக் கட்டினாள், புளிச்சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அழுதிருந்தால் நான் அவளோடு சேர்ந்து அழுது அன்றைக்கே மறந்திருப்பேன்.

சாயங்காலம் அவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். "சித்தி, சோறு பிரமாதம்! அருவிச் சத்தத்துல சாப்பிட்டா தனி ருசி!" என்று அக்கா ஈரத்துணி மூட்டையைக் கொண்டுவந்து துவைக்கிற கல்லில் போட்டுவிட்டுப் போனாள். நான் பக்கத்தில் நின்றேன். அம்மா ஒரு பெரிய துண்டை எடுத்து முறுக்கினாள். தண்ணீர் வடிந்தது. அவள் சட்டென்று ஒரு கையால் அந்தத் தண்ணீரை ஏந்தி, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தன் உச்சந்தலையில் தட்டிக்கொண்டாள். என் தலையிலும் ஒரு கை தட்டினாள். "சுருளித் தண்ணி, நல்லது" என்றாள். அடுத்தவன் உடம்பைத் துவட்டின துண்டிலிருந்து பிழிந்த தண்ணீர். எனக்குள் ஏதோ ஒன்று அன்றைக்குக் கருகிப் போனது. இந்த ஜீப்பை ஒழிக்காமல் விடமாட்டேன் என்று அந்தக் கல் பக்கத்திலேயே முடிவு செய்தேன்.

வாய்ப்பு சனிக்கிழமையே வந்தது. சென்னை அக்கா வீட்டுக்காரருக்கு ஏழரைச் சனி நடந்ததால் குச்சனூருக்குப் போனார்கள். பிள்ளைகள் வெயிலுக்குப் பயந்து வரமாட்டேன் என்றுவிட்டன. அதனால் இடம் காலியாக இருந்தது. "ஏ பாப்பா, வா, ஏறு" என்றார் பெரியப்பா. அம்மாவைப் பார்த்து, "மகளக் கூட்டிட்டுப் போறேன்ல, ஒன்னையக் கூட்டிட்டுப் போன மாதிரிதான்" என்றார். அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று அவர் நிஜமாகவே நம்பினார். ஜீப் நகரும்போது பெரியம்மா வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னாள்: "குச்சனூரு போனா நேரா வீட்டுக்கு வந்துரணும். அங்கன இருந்து ஒரு துரும்பக்கூட எடுத்துட்டு வரக்கூடாது. பிரசாதங்கூட அங்கனயே தின்னுட்டுக் கைய ஒதறிட்டு வரணும். கொண்டாந்தா சனி கூடவே வந்துரும்."

எங்கள் பக்கத்தில் இதைத் தெரியாத பிள்ளை கிடையாது. ஆனால் "கொண்டாந்தா கூடவே வந்துரும்" என்பதை எச்சரிக்கையாகக் கேட்காமல் வழிமுறையாகக் கேட்டவள் அன்றைக்கு நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

குச்சனூரில் வாய்க்காலில் குளித்துவிட்டு, கடையில் மண்ணால் செய்த காகம் வாங்கித் தலையைச் சுற்றி, கோயிலில் காகத்துக்கென்று இருக்கிற பீடத்தில் வைத்துவிட்டு வருவார்கள். நூற்றுக்கணக்கில் மண்காகம் குவிந்து கிடந்தது. யார் யாருடைய பீடையோ. பெரியவர்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்துப் பாவாடை இடுப்பில் சொருகிக்கொண்டேன். அலகு முனை உடைந்த ஒரு சின்னக் காகம். சனீஸ்வரனிடம் மிகத் தெளிவாக வேண்டினேன்: யாரும் சாக வேண்டாம், ஆனால் ஒருத்தரும் நிம்மதியாக இருக்கக் கூடாது, வண்டி மட்டும் ஓடவே கூடாது. வீட்டுக்கு வந்ததும், எல்லோரும் கால் கழுவப் போன நேரம் பார்த்து, ஓட்டுகிற சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் கிடக்கிற பெட்டிக்குள் பழைய துணியால் சுற்றி வைத்தேன்.

வேலை செய்தது! எனக்கு இன்றைக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டயர் பஞ்சர். திங்கட்கிழமை சென்னைப் பையனுக்கு வயிற்றுப்போக்கு. செவ்வாய்க்கிழமை அக்காவுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் சண்டை வந்து அவர் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. புதன்கிழமை மேகமலைக்குப் போனவர்கள் நாலைந்து வளைவு ஏறியதும் வண்டி நின்றுபோய், பட்டணத்துச் செருப்போடு அடிவாரச் செக்போஸ்ட்வரை வெயிலில் நடந்து இறங்கி, கொப்புளத்தோடு வீடு வந்து சேர்ந்தார்கள். அம்மா கட்டிக்கொடுத்த சோற்றை வழியில் குரங்கு தின்றுவிட்டது. நான் கொல்லைப்புறம் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் நான் அதற்குப் பிறகு வேலை கிடைத்த அன்றைக்குக்கூடப் பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சின்னமனூர் மெக்கானிக் சீட்டைத் தூக்கினார். மண்காகம் கையில் வந்தது. அவர் அதைத் தரையில் போட்டுவிட்டு நாலடி பின்னால் நகர்ந்து, "அண்ணே, யாரோ வண்டிக்குச் செய்வினை வச்சிருக்காக. நான் தொடமாட்டேன்" என்றாராம். மலைப்பாதையில் ஒற்றைக்கையால் ஸ்டியரிங் பிடிக்கிற பெரியப்பா முகம் வெளுத்து வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்கே கோடாங்கியிடம் குறி கேட்கப் போனார்கள். கோடாங்கி உடுக்கையை அடித்துவிட்டு, "வெளிய தேட வேண்டியதில்ல, ஒங்க வாசலுக்குள்ளயே இருக்கு. வயிறெரிஞ்ச பொம்பள கை" என்றார்.

வாசலுக்குள் வயிறெரிந்த பொம்பளை யார் என்று ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "சோத்துல என்ன போட்டாளோ" என்று பெரியம்மா ஆரம்பித்தாள். சென்னை அக்கா பிள்ளைகளை எங்கள் பக்கம் வரவிடவில்லை. பெரியப்பா முற்றத்தில் நின்று அம்மாவின் பெயரைச் சொல்லாமல், "ஞாயித்துக்கெழம கருப்பசாமி கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும். பண்ண முடியலையின்னா இந்த வாசல்ல இருக்கக்கூடாது" என்றார். எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்ன வார்த்தை பொய்யானால் குடும்பம் விளங்காது என்று நம்புவார்கள்.

சனியை அவர்களுக்கு அனுப்பியதாகத்தானே நினைத்தேன்? குச்சனூரிலிருந்து வீடுவரை அது இருந்தது என் இடுப்பில் அல்லவா! முதலில் இறங்கினது நான், நான் வந்து நின்றது எங்கள் வீட்டு முற்றத்தில். அம்மா தலையில் சனியை இறக்கிவைத்தது நானேதான் என்று தெரிந்ததும் ஆட்டுரலுக்குப் பக்கத்தில் மாவரைத்துக்கொண்டிருந்தவளிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை.

அம்மா ஆட்டுவதை நிறுத்தினாள். "நீயா?" என்றாள். அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. மாவுக் கையோடு என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "எதுக்குடி வச்ச?" என்று கேட்டாள்.

"அவுக ஒன்னைய எறக்கிவிட்டாகள்ல."

அவள் மறுபடி குழவியைச் சுற்ற ஆரம்பித்தாள். "வாயத் தொறந்த, கொன்னுருவேன். நீ ஒண்ணும் பண்ணல. ஒனக்கு ஒண்ணும் தெரியாது. போயி வெளையாடு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர் எல்லையில் கருப்பசாமி முன்னால் பங்காளிகள் ஒரு பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். அப்பா மலையிலிருந்து வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மா அந்த மயில்கழுத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அருவிக்குப் போக மடித்துவைத்த சேலை. தலையில் பூ. பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தியம் பண்ண வருகிறவள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வரலாமா?

வெற்றிலையில் சூடத்தைக் கொளுத்தினார்கள். அம்மா குரல் துளிகூட நடுங்காமல், "கருப்பு, அந்தக் காக்காய நான் எடுக்கல. நான் வைக்கல. யாரையும் வைக்கச் சொல்லல. பொய்யின்னா என் கை அழுகட்டும்" என்று சொல்லி, பளீரென்று அடித்து அணைத்தாள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. பெரியவர் ஒருவர், "சரித்தா, முடிஞ்சுபோச்சு" என்றார்.

"முடியல" என்றாள் அம்மா. இடுப்பிலிருந்து இன்னொரு கட்டிச் சூடத்தை எடுத்தாள். அவள் இரண்டு கொண்டு வந்திருந்தாள். தானே வெற்றிலையில் வைத்துத் தானே கொளுத்திப் பெரியப்பா முன்னால் நீட்டினாள். அதுவரை அவர் எதிரில் நிமிர்ந்து பேசாதவள்.

"மாமா, நான் பண்ணிட்டேன். இப்ப நீங்க பண்ணுங்க. ஏலத்தோட்டத்துக்குப் பதினெட்டுப் பேர ஏத்துறீக. அன்னைக்கு நான் எண்ணிப் பாத்தேன், சோத்துச் சட்டியோட சேத்துப் பதிமூணு. எடம் இல்லாமத்தான் என்னைய எறக்கிவிட்டேன்னு இந்தச் சூடத்த அடிங்க. அடிச்சிட்டா ஒங்க கால்ல விழுந்துட்டு இந்த வாசல விட்டே போயிடுறேன்."

பெரியப்பா அந்தச் சூடத்தையே பார்த்தார். கை ஒருமுறை உயர்ந்தது. சென்னை அக்கா, "அப்பா, வேணாம்ப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே இடம் இருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கை கீழே இறங்கியது. சூடம் தானாக எரிந்து, தானாக அணைந்தது. அதுவரைக்கும் அம்மா வெற்றிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு கையிலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்குப் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்த மாதிரி வேறு யாருடைய முகத்தையும் நான் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே அம்மா மூன்று செங்கல்லை வைத்துத் தனி அடுப்பு மூட்டினாள். "ஊரு முன்னாடி அண்ணனக் கேவலப்படுத்திட்டியே" என்று அப்பா ஏதோ சொல்லப்போனவர், அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். சென்னைக் கும்பல் மிச்ச நாளெல்லாம் சின்னமனூர் ஓட்டலில் பரோட்டா வாங்கித் தின்றது. அடுத்த மே மாதம் அவர்கள் வரவில்லை. முற்றத்தின் நடுவில் இடுப்பளவு சுவர் ஒன்று எழும்பியது. சில வருடத்தில் ஜீப்பும் கைமாறிப் போனது. அந்த மண்காகத்தைத் திருப்பிக் கொண்டுபோய்க் குச்சனூர் வாய்க்காலில் கரைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். அதை வைத்தது யார் என்று பெரியப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆனால் படித்துக் காட்ட ஆள் இருக்கிறது. தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு அம்மாவை நானே பேருந்தில் கூட்டிப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வேலைக்குப் போன முதல் வருடமே கூப்பிட்டேன். அவள் கேட்கவில்லை. "எறக்கிவிட்டவுக கண்ணு முன்னாடி காரு வந்து வாசல்ல நிக்கணும். முன் சீட்டுல ஒக்காந்துதான் சுருளிக்குப் போவேன். இல்லையின்னா போகவே வேணாம்" என்றுவிட்டாள். அப்பா இறந்தார், பெரியம்மா இறந்தாள். தனியாக ஆகிப்போன பெரியப்பாவுக்கு மூன்று வேளையும் அம்மாதான் தட்டில் சோறு போட்டு அந்தச் சுவர்மேல் வைக்கிறாள். "சோறு போடுவேன், பேசமாட்டேன்" என்பது அவள் சட்டம். என் பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்று கார் வாங்க எனக்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது. நானாவது அவளைக் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும். எனக்கும் அந்தக் கார் அந்த வாசலில் நிற்பதைப் பார்க்கத்தான் ஆசையாக இருந்தது.

போன மாதம் கார் வாசலில் வந்து நின்றது. ஓட்டுகிற என் பக்கத்தில், முன் சீட்டில் அம்மா உட்கார்ந்தாள். சுருளிக்குப் போனோம். வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து அருவிக்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், படியும் ஏற வேண்டும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருக்கிறது. இருபது அடி நடந்தாள், ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள், "சத்தம் கேக்குதுல்ல, போதும்" என்றாள். நான் ஓடிப்போய் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து அவள் தலையில் ஊற்றினேன். மீனுக்கும் திராட்சைக்கும் கடை போட்டிருக்கிறார்கள், பாதைக்குக் கைப்பிடி வந்திருக்கிறது, துணி மாற்ற அறை வந்திருக்கிறது, எல்லா இடத்திலும் செல்பி எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். அருவி அப்படியே இருக்கிறது. அந்தத் தண்ணீருக்கு அடியில் நின்று கத்தியிருக்க வேண்டிய முப்பது வயது அம்மாவைத்தான் காணோம். அவளை யார் எனக்குத் திருப்பிக் கொடுப்பார்கள்?

நடக்க வேண்டாத இடமாகப் பார்ப்போம் என்று மறுநாள் மேகமலைக்குக் கிளம்பினோம். அம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் சோற்றுப் பையைப் பின்னால் வைக்கக் கதவைத் திறந்தபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா வந்து நின்றார். சலவை வேட்டி கட்டியிருந்தார், நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். பின் சீட்டை எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு பையைத் தவிர ஒன்றும் இல்லை.

"பாப்பா, மேகமலைக்கா போறீக? நான் வண்டி ஓட்டுன பாதை. கண்ண மூடுறதுக்குள்ள ஒருவாட்டி போயிட்டு வந்தாத் தேவல. ஒரு ஓரமா ஒக்காந்துக்கிறேன்" என்றார்.

இத்தனை வருடமாக இந்த நிமிடத்துக்கென்று எத்தனை பதில் யோசித்து வைத்திருந்தேன்! எதிரில் நிற்கிறவருக்கோ கண்ணில் நீர் கோத்திருக்கிறது. அம்மா ஒரு வார்த்தை சொன்னால் ஏற்றிக்கொண்டிருப்பேன் என்றுகூட இப்போது தோன்றுகிறது. அவள் பக்கம் திரும்பினேன்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கதவச் சாத்துத்தா. ஏசி வெளிய போகுது."